பயணமும் சுயசிந்தனையுமாகக் கழிந்த ஒரு மாதத்தில் உங்கள் மனத்தில் தங்கிய புதிய பாடல்கள் எவை?

ஒரு வேலையிலிருந்து விலகி அடுத்ததில் சேர்வதற்கு முன் கிடைத்த ஒரு மாதத்தைப் பெரும்பாலும் ரயில்களிலும் பேருந்துகளிலும் கழித்தேன். இத்தனை ஆண்டுகளாகச் செய்துவரும் தொழிலையே தொடர்வதா என்ற கேள்வியை, யாருடைய அறிவுரையும் குறுக்கிடாமல் ஆற அமர யோசித்துப் பார்க்க வேண்டியிருந்தது. புறப்படும்போது, சமீப ஆண்டுகளில் வெளிவந்தும் நான் முழுமையாகக் கேட்டிராத திரைப்பாடல்களைக் கைப்பேசியில் பதிவிறக்கிக்கொண்டேன். ஆகவே, இங்கே சொல்லப்படுபவை எனக்குப் புதியவை என்ற பொருளிலேயே புதிய பாடல்கள்.

திரும்பத் திரும்பக் கேட்டவற்றில் பலவும், பாடுவதை முதன்மைத் தொழிலாகக் கொள்ளாதவர்கள் பாடியவை என்பதைப் பயணத்தின் பாதியில்தான் கவனித்தேன். அவற்றுள் முதலிடம் ‘மாமன்னன்’ (2023) படத்தின் ‘ராசா கண்ணு’ பாடலுக்கு. யுகபாரதி எழுதி, ஏ.ஆர். ரகுமான் இசையமைத்த இந்தப் பாடலை வடிவேலு பாடியிருக்கிறார். பல்லாண்டுகளாக நம்மைச் சிரிக்க வைத்த குரல் அது. ஒவ்வொரு இழுப்பும் ஏற்ற இறக்கமும் நமக்கு மனப்பாடம். அதே குரல் ஒரு பெருந்துயரை முறையிடும்போது, முதல் சில வரிகள் வரை நம் காது பழைய நினைவை விட மறுக்கிறது. அதன்பின் அந்த நினைவு கழன்று, முகம் தெரியாத ஒரு முதியவர் யாரிடமோ நியாயம் கேட்டு அழைப்பது மட்டும் எஞ்சுகிறது. இதைவிடத் துல்லியமாகப் பாடக்கூடியவர்கள் பலர் இருக்கிறார்கள், ஆனால் அவர்களில் எவர் பாடியிருந்தாலும் இந்தப் பாடல் ஓர் அழகான சோகப் பாடலாக மட்டுமே நின்றிருக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

‘மெய்யழகன்’ (2024) படத்தில் கமல் ஹாசன் பாடிய ‘யாரோ இவன் யாரோ’ அடுத்தது. தன் மீது பாசத்தைக் கொட்டும் உறவினனின் பெயர்கூட நினைவுக்கு வராமல் தவிக்கும் ஒருவனின் கதைக்குக் கோவிந்த் வசந்தா அமைத்த மெட்டு இது. எழுபதை நெருங்கிய வயதில் பாடப்பட்ட இந்தப் பாடலில், வரிக்கு முன் மூச்சு இழுக்கப்படுவதும் சொல்லின் முடிவில் குரல் லேசாகத் தளர்வதும் கேட்கின்றன. பின்னிரவில், பேருந்தின் கடைசி விளக்கும் அணைக்கப்பட்ட பிறகு இதைக் கேட்டுக்கொண்டிருந்தபோது, வேலை மும்முரத்தில் நான் தொடர்பு விட்டுப்போன ஒரு பள்ளித் தோழனின் முகம் விடாமல் வந்துகொண்டே இருந்தது. மறுநாள் காலை அவனுடைய எண்ணைத் தேடிப் பிடித்துப் பேசினேன். எந்தப் பாடலும் என்னை இப்படி ஒரு காரியத்தைச் செய்ய வைத்ததில்லை.

இவ்வகைக் குரல்கள் பயணத்தில் மேலோங்கியதற்கு மனநிலை மட்டுமே காரணமாக இருக்க முடியாது. வண்டியின் இரைச்சலில் தாழ்ந்த ஒலிகளே மிகுதி என்பதால், பாடலின் அடித்தள இசையையும் கனத்த தாளத்தையும் அது எளிதில் விழுங்கிவிடுகிறது. அதோடு, நிறுத்தத்தின் பெயரைச் சொல்வது காதில் விழ வேண்டுமே என்று நான் ஒரு காதில் மட்டும் இயர்போனை மாட்டியிருப்பேன். அப்போது இடம், வலம் எனப் பிரித்து வைக்கப்பட்ட வாத்தியங்களில் மறுபக்கத்தவை மங்கிப்போக, வழக்கமாக இரு பக்கமும் சமமாக வைக்கப்படும் குரல் மட்டும் குறையாமல் வந்து சேரும். வீட்டில் நல்ல ஒலிபெருக்கியில் பிரமாதமாக ஒலிக்கும் பல துள்ளல் பாடல்கள் பேருந்தில் சப்பென்று போனதற்கும், குரலை நம்பி நிற்கும் பாடல்கள் பிழைத்ததற்கும் இதில் பெரும்பங்கு உண்டு.

இளையராஜா இசையில் தனுஷும் அனன்யா பட்டும் பாடிய ‘ஒன்னோட நடந்தா’ (‘விடுதலை’ முதல் பாகம், 2023) நடைப்பயணங்களுக்கு உகந்தது. பேச்சுக்கு மிக அருகில் நிற்கும் தனுஷின் குரலால், கூடவே ஒருவர் நடந்து வருவதாகத் தோன்றுகிறது. ‘ரெட்ரோ’ (2025) படத்தின் ‘கண்ணாடிப் பூவே’ பாடலை இசையமைத்த சந்தோஷ் நாராயணனே பாடியிருப்பது அதன் பெரிய பலம். பிரிவின் ஏக்கத்தைச் சொல்லும் பாடலாசிரியர் விவேக்கின் வரிகளை அவர் எங்கும் உருக்கிக் காட்ட முயலவில்லை.

தேர்ந்த பாடகர்களின் பாடல்களில் கடைசிவரை உடன் வந்தது ‘தக் லைஃப்’ (2025) படத்தின் ‘முத்த மழை’ மட்டுமே. படத்துக்காக இதைப் பாடியவர் ‘தீ’ என்ற பெயர் கொண்ட பாடகி. இசை வெளியீட்டு விழா மேடையில் சின்மயி பாடிய காணொளி பெரிதாகப் பரவி, எது சிறந்தது என்ற வாதம் நீண்ட நாள் நடந்தது. சின்மயி ஒவ்வொரு சொல்லுக்கும் தரும் பாவமும் நகாசும் வியக்க வைக்கின்றன. ஆயினும் அவற்றைக் கேட்கும்போது நான் வேறெதையும் நினைக்க முடியாமல் அவருடைய திறமையையே கவனித்துக்கொண்டிருந்தேன். தீ குரலை அடக்கி, சற்றே விலகி நின்று பாடுகிறார். அந்த இடைவெளியில் என் கேள்வியையும் வைத்து யோசிக்க முடிந்தது. மேடைக்குச் சின்மயி பாடியதும், சன்னலோர இருக்கைக்குத் தீ பாடியதும் பொருந்தும் என்பது என் முடிவு. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்காமல், சில நாட்கள் இடைவெளி விட்டுக் கேட்டுப் பாருங்கள்.