சின்ன உத்திரம், பெரிய தளம்: கேள்வி பதில்

மறுமலர்ச்சிக் கால மரக் கட்டுமானம் பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும்.

கேள்வி: இத்தாலியக் கட்டடக் கலைஞர் செர்லியோவின் 1545 வடிவியல் நூலில், அறையைவிட நீளம் குறைந்த உத்திரங்களால் போட்ட தளம் ஒன்று இருக்கிறது. நடுவில் தூண் இல்லாமல் எப்படி நிற்கும்?

பதில்: நான்கு உத்திரங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு முனை சுவரில், மறுமுனை அடுத்த உத்திரத்தின் மேல். நான்காவது உத்திரம் முதலாவதன் மேல் வந்து உட்காரும். நடுவில் ஒரு சதுரம் திறந்திருக்கும். ஒவ்வொன்றும் அடுத்ததன் சரிபாதியில் உட்கார்ந்தால், 10 அடி உத்திரம் 15 அடி அறைக்குப் போதும்.

கேள்வி: அப்படியானால் சதுரத்தைச் சுருக்கி 19 அடி வரை போகலாமா ஐயா?

பதில்: வரைபடத்தில் போகலாம். கணக்கு விடாது. ஒவ்வொரு உத்திரத்தின் நடுவிலும் 100 கிலோ வையுங்கள். 15 அடி அறையில் ஒரு முனை அடுத்த உத்திரத்தின் மேல் இறக்குவது 100 கிலோ. 17.5 அடியில் அது 200. 19 அடியில் 500! சுவருக்குப் போவது மட்டும் எப்போதும் அதே 100தான். அப்புறம், காடி வெட்டி மரம் மெலிந்திருக்கும் இடத்தில்தான் இத்தனை சுமையும் வந்து விழும். நானாக இருந்தால் 16 அடியைத் தாண்ட மாட்டேன்.

கேள்வி: இந்தக் கணக்கை செர்லியோவே போட்டாரா?

பதில்: இல்லை, அவர் தந்தது படமும் விளக்கமும்தான். ஆக்ஸ்போர்டின் வடிவியல் பேராசிரியர் ஜான் வாலிஸ், 1670 வாக்கில், பல உத்திரங்கள் பின்னிய தளத்துக்கு 25 சமன்பாடுகளைக் கையாலேயே தீர்த்தார். கட்டுமான வரலாற்றில் எனக்கு இதைவிடப் பிடித்த கணக்கு கிடையாது.

கேள்வி: லியொனார்டோ டா வின்சியின் பாலம் ஆணியோ கயிறோ இல்லாமல் நிற்கிறதே?

பதில்: நீளக் கட்டைகள் குறுக்குக் கட்டைகளுக்கு மேலும் கீழுமாக மாறி மாறிப் போகின்றன. மேலே சுமை ஏற ஏறப் பிடி இறுகும். உராய்வு மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். ஆனால் ஒரு கட்டையை உருவினால் மொத்தமும் சரியும். செர்லியோ தளத்துக்கும் இதே பலவீனம் உண்டு.

கேள்வி: குட்டை மரத்தால் உண்மையிலேயே பெரிதாக எதையாவது கட்டினார்களா?

பதில்: கட்டினார்கள், வேறு முறையில். பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் பிலிபேர் டிலோர்ம் 1561-இல் சொன்ன வழி அது: சிறு பலகைகளை அடுக்கி, மூட்டுகள் ஒரே இடத்தில் வராதபடி மாற்றி, வளைவாக்குவது. பாரிஸ் தானிய மண்டியின் சுமார் 39 மீட்டர் விட்டமுள்ள குவிமாடம் 1783-இல் அப்படித்தான் எழுந்தது. 1802-இல் தீயில் போனது. அடுத்து வந்த குவிமாடத்தை இரும்பில் கட்டினார்கள்.