ஆறு நாள் வியட்நாம்

அன்புள்ள ஐயா,

போன மாதம் குடும்பத்தோடு வியட்நாம் போய் வந்தோம். ஐந்து இரவு, ஆறு பகல். ஹனோய், தா நாங், ஹோய் ஆன், கடைசியில் சைகோன். திரும்பியதும் என் அனுபவங்களை எழுதி உறவினர் வாட்ஸப் குழுவில் போட்டேன். அதை இத்துடன் இணைத்திருக்கிறேன். வியட்நாமியர் போரை அடியோடு மறந்துவிட்டார்கள், நாங்கள் பேசிய ஒருவர்கூட அதைப் பற்றி வாய் திறக்கவில்லை என்று எழுதியிருந்தேன். ஹோய் ஆன் அருகே உள்ள மி சன் என்ற இடத்துப் பழைய சிவன் கோயில்கள் சோழர் கட்டியவை என்று எங்களோடு வந்த ஒருவர் சொன்னார், அதைக் கேட்டு மெய்சிலிர்த்ததையும் எழுதினேன். சைகோன் மாரியம்மன் கோயிலில் ஒரு தமிழ் முகம்கூட இல்லையே என்ற வருத்தத்தையும் சேர்த்தேன். என் மகள் படித்துவிட்டு, "ஆறு நாளில் இத்தனை தீர்ப்பா அப்பா?" என்று சிரிக்கிறாள். ஆறு நாள் போனவன் எழுதவே கூடாதா?

மு., ஈரோடு

அன்புள்ள மு.,

தாராளமாக எழுதலாம். நானும் சில ஆண்டுகளுக்கு முன் ஏழு நாள் போனவன்தான். உங்களைவிட ஒரு நாள் கூடுதல், அவ்வளவே. என் குறிப்பேட்டில் முதல் நாள் எழுதிய வரி: "ஹனோயில் யாருக்கும் சாலை விதி தெரியாது." ஹோட்டல் வாசலில் எதிர்ப்பக்கம் போக வழி தெரியாமல் கால் மணி நேரம் நின்ற கோபம் அது. ஸ்கூட்டர்கள் நின்றபாடில்லை. கடைசியில் கூடை சுமந்து வந்த ஓர் அம்மாள் என் முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு இறங்கிவிட்டார். நடுவில் நான் பயந்து நிற்கப் பார்த்தேன், கையில் ஓர் அடி விழுந்தது. நிற்கக் கூடாது, ஓடவும் கூடாது, ஒரே வேகத்தில் மெதுவாக நடந்துகொண்டே இருக்க வேண்டும். நம் நடையைப் பார்த்து, நாம் எங்கே இருப்போம் என்று கணக்குப் போட்டு, வண்டிகள் முன்னும் பின்னுமாக விலகிப் போகின்றன. நடுவில் நின்றால் அந்தக் கணக்கு கெட்டுவிடும். மூன்றாம் நாள் அந்த வரியை அடித்தேன். ஆனால் படிக்கிற மாதிரி ஒரே கோடாக அடித்தேன். நீங்களும் அப்படிச் செய்யலாம்.

சரி, போருக்கு வருவோம். நீங்கள் பேசியது யாரிடம்? உங்கள் குறிப்பின்படி ஹோட்டல் வரவேற்பாளர், வேன் ஓட்டுநர், வழிகாட்டி. மூவரும் உங்களிடம் சம்பளத்துக்காகச் சிரிக்க வேண்டியவர்கள். உங்கள் கல்யாண கதையை டாக்சி ஓட்டுநரிடம் சொல்வீர்களா? அங்கே பெரும்பாலோர் போர் முடிந்த 1975க்குப் பிறகு பிறந்தவர்கள் என்பது வேறு. சைகோனில் போர் நினைவு அருங்காட்சியகத்துக்கு உங்கள் பயணத் திட்டத்தில் இடமில்லை போலும். 1975இல் திறந்தபோது அதன் பெயரிலேயே அமெரிக்கக் குற்றங்கள், கைக்கூலிகளின் குற்றங்கள் என்று இருந்தது. 1990இல் பெயரை மாற்றினார்கள். 1995இல், அமெரிக்காவோடு உறவு சீரானபோது, இப்போதுள்ள சாந்தமான பெயர் வந்தது. மாறியது வாசல் பலகைதான். உள்ளே, காடுகளை அழிக்க அமெரிக்கா தெளித்த ஏஜென்ட் ஆரஞ்சு என்ற நச்சு மருந்தால் பாதிக்கப்பட்டவர்களின் படங்களைப் பார்த்துவிட்டு நான் அன்று மதியம் சாப்பிடவில்லை.

இன்னொன்று சொல்கிறேன், கோபிக்காதீர்கள். உங்களுக்கு மெய்சிலிர்த்த அதே மி சன்னில், கோயில்களுக்கு நடுவே புல் முளைத்த வட்டமான பள்ளங்களைப் பார்த்திருப்பீர்கள். அவை அமெரிக்கக் குண்டுகள் விழுந்த இடங்கள். 1969 ஆகஸ்டில் நடந்த குண்டுவீச்சில்தான் அங்கிருந்தவற்றிலேயே மிக அழகானது என்று சொல்லப்பட்ட பெரிய கோபுரம் போயிற்று. செங்கல் குவியலாகக் கிடப்பது அதுதான். யாரும் போரைப் பற்றிப் பேசவில்லை என்று எழுதிய நீங்கள்தான் அந்தக் குவியலின் முன்னால் நின்று குடும்பப் படம் எடுத்திருக்கிறீர்கள்!

அப்புறம் சோழர். இல்லை. மி சன்னில் முதல் கோயிலை எழுப்பியவன் இன்றைய வியட்நாமின் நடுப்பகுதியிலும் தெற்கிலும் இருந்த சம்பா நாட்டின் அரசன் பத்ரவர்மன், நான்காம் நூற்றாண்டின் இறுதியில். பத்ரேஸ்வரர் என்று சிவனுக்குத் தன் பெயரையே சேர்த்து வைத்தான். ராஜேந்திரனின் கப்பல்கள் கடாரத்துக்குப் போனது 1025இல். ஏறக்குறைய அறுநூறு ஆண்டு இடைவெளி. இப்போது நிற்கும் கோயில்கள் பத்ரவர்மனுக்கு வெகுகாலம் பின்னால் வந்தவை என்றாலும், அவற்றையும் கட்டியவர்கள் சம்பா அரசர்களே. கல்வெட்டுகள் சமஸ்கிருதத்திலும் சம்பா மக்களின் சாம் மொழியிலும் இருக்கின்றன. அந்தச் சாம் மக்கள் அழிந்துவிடவில்லை. தெற்கே ஃபான் ராங் பக்கம் இன்னும் இருக்கிறார்கள். ஒரு பகுதியினர் இந்துக்கள், மற்றவர்கள் இஸ்லாமியர். அங்குள்ள போ க்லாங் கராய் கோயிலில் கதே என்ற திருவிழா ஆண்டுதோறும் நடக்கிறது. நாடு போய், நிலம் போய், கோயில் ஒன்றுதான் அவர்களுக்கு மிச்சம். அதையும் நாம் தஞ்சாவூர்க் கணக்கில் எழுதிக்கொண்டால் எப்படி?

மாரியம்மனைப் பற்றி நீங்கள் எழுதியதுதான் எனக்குப் பிடித்தது. ஒரு வியட்நாமியப் பெண் செருப்பைக் கழற்றிவிட்டு, சந்நிதிச் சுவரில் நெற்றியை ஒட்டவைத்து, ஐந்து நிமிடம் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சுவர் எண்ணெய் பட்டதுபோல் மின்னியது என்பதுவரை கவனித்திருக்கிறீர்கள். அதோடு நிறுத்தியிருக்கலாம். அடுத்த வரியிலேயே தமிழர் இல்லையே என்ற புலம்பல். கோயிலைக் கட்டியவர்கள் தமிழ் வணிகர்கள், உண்மை. ஆனால் நம்மவர்களில் பலரை அந்த ஊர் வட்டிக்கடைக்காரர்களாகத்தான் நினைவு வைத்திருக்கிறது. 1975க்குப் பின் பெரும்பாலோர் கிளம்பிவிட்டார்கள். அம்மன் கிளம்பவில்லை. உள்ளூர்க்காரர்கள் அதை இந்திய அம்மன் கோயில் என்று சொல்லி, ஊதுபத்தியும் மல்லிகையும் வாங்கிக்கொண்டு வருகிறார்கள். எனக்கு அதில் வருத்தப்பட ஒன்றும் தெரியவில்லை. அந்தப் பெண் என்ன கேட்டிருப்பாள் என்றுதான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஆகவே தீர்ப்புகளை ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, சுவரையும் அந்தப் பெண்ணையும் வைத்துக்கொண்டு திரும்ப எழுதி எனக்கு அனுப்புங்கள். மகளிடம் முதலில் காட்ட வேண்டாம்.

ஒரே ஒரு குறை. ஹனோயில் இரண்டு நாள் இருந்திருக்கிறீர்கள், முட்டைக் காபி பற்றி ஒரு வரி இல்லை. 1946இல் பால் கிடைக்காத காலத்தில், பாலுக்குப் பதில் மஞ்சள் கருவை அடித்து நுரையாக்கி ஊற்றிப் பார்த்ததில் பிறந்தது அது. முட்டை வாடை துளியும் இருக்காது. நீங்கள் சைவம் என்றால் சரி, விட்டுவிடுகிறேன். இல்லையென்றால் ஏன் குடிக்கவில்லை?