இரண்டு எண்களில் எது பொய்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் முதுகலை வேதியியல் மாணவி. ஒரே ஆற்று நீரில் தாமிரத்தை இரண்டு வழிகளில் அளந்தேன். ஐ.சி.பி.-எம்.எஸ். கருவி (நீரைப் பிளாஸ்மாவில் சிதைத்து, அயனிகளை நிறையை வைத்து எண்ணுவது) லிட்டருக்கு 2.1 மைக்ரோகிராம் என்றது. பாதரசத் துளி மின்வாயில் செய்த ஸ்ட்ரிப்பிங் வோல்டமெட்ரி (உலோகத்தை மின்வாயில் சேர்த்து, பிறகு வெளியேற்றி அளக்கும் முறை) 0.3 என்றது. ‘அந்தப் பழைய முறையைத் தூக்கிப்போடு’ என்கிறார்கள் உடன் படிப்பவர்கள். பாதரசத்தைக் கையாளவும் எனக்குத் தயக்கம். எந்த எண்ணை எழுதுவது?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

இரண்டையும் எழுதுங்கள். ஏழு மடங்கு வித்தியாசத்தைக் கண்டு மிரள வேண்டாம். ஆற்று நீரில் தாமிரம் இப்படித்தான் நடந்துகொள்ளும்.

ஐ.சி.பி.-எம்.எஸ். கருவியின் பிளாஸ்மா பல ஆயிரம் டிகிரி வெப்பம் கொண்டது. தாமிரம் எதனோடு ஒட்டிக்கொண்டு வந்தாலும் அங்கே பிரிந்துவிடும். எல்லாம் எண்ணிக்கையில் சேரும். மின்வாய் அப்படியல்ல. அதை எதிர் மின்னழுத்தத்தில் வைத்து நீரைச் சில நிமிடங்கள் கலக்கும்போது, துளியின் பரப்பை எட்டி எலக்ட்ரானைப் பெறக்கூடிய தாமிரம் மட்டுமே பாதரசத்துக்குள் புகும். பிறகு மின்னழுத்தத்தை நேர்த்திசையில் ஏற்றினால், சேர்ந்த உலோகம் வெளியேறும்; மின்னோட்ட வரைபடத்தில் அது ஒரு முகடாகத் தெரியும். மட்கிய இலைதழைகளிலிருந்து வரும் ஹ்யூமிக் பொருள்கள் இறுகப் பற்றிய தாமிரம் இந்தக் கணக்கில் வராது.

உயிர்களுக்கு இந்த வேறுபாடு முக்கியம். தாமிரம் நுண்பாசிகளுக்கு நஞ்சாவது மொத்த அளவைப் பொறுத்ததல்ல, எதனோடும் பிணையாத தனித்த அயனியின் அளவைப் பொறுத்தது என்று சண்டா, கில்லார்டு என்ற இரு ஆய்வாளர்கள் 1976இல் காட்டினார்கள். மொத்த அளவு மட்டும் தெரிந்த ஒருவரால் இதைச் சொல்லவே முடியாது. உங்கள் நண்பர்கள் தூக்கிப்போடச் சொல்வது இந்தத் தகவலைத்தான்.

ஆனாலும் உங்கள் 0.3ஐ நான் உடனே நம்பிவிட மாட்டேன். மாதிரியின் ஒரு பகுதியை அமிலமாக்கி, புற ஊதா விளக்கின் கீழ் சில மணி நேரம் வைத்துக் கரிமப் பொருள்களைச் சிதைத்துவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். எண் 2.1ஐ ஒட்டி ஏறினால் இரண்டு கருவிகளும் சரி. ஏறவில்லையென்றால் கோளாறு அளவீட்டில் இருக்கிறது.

அளவுத்திருத்தத்தை, அதாவது முகட்டின் உயரத்தைத் தாமிர அளவாக மாற்றும் கணக்கை, எப்படிச் செய்தீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. பலரும் சறுக்குவது இங்கேதான். சிதைக்காத ஆற்று நீரில் தெரிந்த அளவு தாமிரத்தைச் சேர்த்தால், முகடு முதலில் அவ்வளவாக அசையாது. காலியாக இருக்கும் ஈனிகள், அதாவது ஹ்யூமிக் பொருள்கள் போல உலோகத்தைப் பற்றிக்கொள்பவை, நீங்கள் சேர்த்ததையும் விழுங்கிவிடும். அவை நிறைந்த பிறகே, சேர்த்த அளவுக்கு எதிராக முகட்டின் உயரத்தை வரைந்த கோடு நிமிர்ந்து ஏறும். முதல் இரண்டு புள்ளிகளின் சாய்வை எடுத்துக் கணக்கிட்டால் விடை தாறுமாறாகப் போகும். நிமிர்ந்த பகுதியின் சாய்வைத்தான் எடுக்க வேண்டும். அந்த வளைவை எரிச்சலோடு பார்க்காதீர்கள். நீரில் எவ்வளவு ஈனி இருக்கிறது, அதன் பிடி எத்தனை வலுவானது என்ற இரண்டையும் அதிலிருந்தே கணக்கிடலாம். எனக்கு இந்த முறையில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

0.3ஐத் ‘தனித்த தாமிரம்’ என்று எழுதிவிடாதீர்கள். தளர்வான பிணைப்புகள் மின்வாயின் அருகில் வந்ததும் அவிழ்ந்து கணக்கில் சேர்ந்துவிடும். எவ்வளவு அவிழும் என்பது கலக்கும் வேகத்தைப் பொறுத்தது. மின்னழுத்தத்தை மிகவும் இறக்கினால், ஈனியோடு இருக்கும் தாமிரமே நேரடியாக எலக்ட்ரானைப் பெற்று ஒடுங்கக்கூடும். வெள்ளி/வெள்ளி குளோரைடு ஒப்பீட்டு மின்வாயை வைத்துப் பார்த்தால், தாமிரத்துக்கு −0.6 வோல்ட்டே போதும். −1.2க்குப் போனால் துத்தநாகமும் உள்ளே வந்து தாமிரத்தோடு கூட்டுச் சேர்ந்து இரண்டு முகடுகளையும் கெடுக்கும். எண்ணுக்குப் பக்கத்தில் மின்னழுத்தம், நேரம், கலக்கும் வேகம் மூன்றையும் எழுதுங்கள். அவை இல்லாத 0.3ஐ வேறு யாரும் எதனோடும் ஒப்பிட முடியாது.

பாதரசத் தயக்கம் நியாயமானது. செக் வேதியியலாளர் ஹெய்ரோவ்ஸ்கி 1922இல் சொட்டும் பாதரச மின்வாயோடு தொடங்கிய துறை இது. அதற்காக அவருக்கு 1959இல் நோபல் பரிசும் கிடைத்தது. இன்று மாற்று வழிகள் உண்டு. 2000இல் ஜோசப் வாங் குழுவினர் அறிமுகப்படுத்திய பிஸ்மத் படல மின்வாய் ஈயத்துக்கும் காட்மியத்துக்கும் நன்றாக உழைக்கிறது. உங்களுக்கு அது அவ்வளவாக உதவாது. தாமிரம் வெளியேறும் மின்னழுத்தத்துக்கு அருகிலேயே பிஸ்மத்தும் கரைந்துவிடும். தங்க நுண்கம்பி மின்வாயை முயன்று பாருங்கள். அது கைக்கு வரும்வரை பாதரசத் துளிகளைத் தொட்டியில் கழுவி விடாமல், நீர் மூடிய குப்பியில் சேர்த்து வையுங்கள்.