பிஸ்கட் டின்னில் இருப்பவர்கள்

அன்புள்ள அக்கா,

சுங்கை சிப்புட்டில் தாத்தா தொடங்கிய படக்கடையில் நான் மூன்றாம் தலைமுறை. தாத்தா ரப்பர் தோட்டம் தோட்டமாக சைக்கிளில் போய்க் கல்யாணப் படம் எடுத்தவர். இப்போது எல்லார் கையிலும் கேமரா. தொழிலைத் தொடரலாமா, கோலாலம்பூரில் கிடைத்திருக்கும் வேலைக்குப் போகலாமா? ட்ரோன் வைத்து எடுப்பது மரபுக்கு விரோதம் என்று அப்பா வேறு சண்டை போடுகிறார். மாதக் கடைசியில் கடை மாறுகிறோம். பழைய நெகட்டிவ் 16 பிஸ்கட் டின் இருக்கிறது. யாரும் கேட்டு வருவதில்லை, குப்பைக்குத்தான். உங்கள் கருத்து?

அன்புள்ள தம்பி,

ட்ரோன் சண்டையை நீயும் அப்பாவும் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். போகிற போக்கில் 'குப்பைக்குத்தான்' என்று எழுதியிருக்கிறாயே, அதைப் படித்ததிலிருந்து எனக்கு வேலை ஓடவில்லை. எப்படியப்பா மனசு வந்தது?

இரண்டு வாரமாக அம்மாவின் கல்யாணப் படத்தை எதிரில் வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறேன். 1961. தோட்டத்து மாரியம்மன் கோயில் வாசல். பந்தல் காலில் கேஸ் விளக்கு தொங்குகிறது. அம்மா மாலையின் கனம் தாங்காமல் ஒரு கையால் தூக்கிப் பிடித்திருக்கிறார். வலது ஓரத்தில் ஒரு முழங்கை, இரண்டு கண்ணாடி வளையல், கொஞ்சம் சேலை. அது என் பாட்டி. படச் சட்டத்துக்குள் அடங்கவில்லை என்று அப்பா கத்தரியால் ஓரத்தை வெட்டிவிட்டார்.

பாட்டிக்கு இன்னொரு படம் இருந்தது. 1948 ஜூனில் உங்கள் ஊர்ப் பக்கம் தோட்டத்து வெள்ளைக்காரத் துரைமார் மூன்று பேர் சுடப்பட்டு அவசரகாலம் வந்ததே, அந்த ஆண்டுதான் 12 வயது தாண்டியவர்களுக்குப் படமும் கைரேகையும் வைத்த அடையாள அட்டை கட்டாயமானது. பாட்டி முதன்முதலில் கேமரா முன் உட்கார்ந்தது அதற்காகத்தான். மிரண்ட முகம். அவர் இறந்ததும் அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம்.

அப்புறம் நான் சம்பாதிக்கத் தொடங்கி, அம்மாவின் படத்தை எடுத்த கடையைத் தேடிப் போனேன். நெகட்டிவில் பாட்டி முழுசாக இருப்பார் அல்லவா? கடை இடம் மாறியபோது எல்லாவற்றையும் எரித்துவிட்டார்களாம். யாரும் கேட்டு வரவில்லையாம். உன் வார்த்தையேதான், தம்பி.

யார் வருவார்கள்? தோட்டம் துண்டாடப்பட்டது, பால்மரம் போய் எண்ணெய் எடுக்கும் செம்பனை வந்தது, தொழிலாளர் குடியிருந்த லயம் இடிந்து தாமான் என்ற புது வீடமைப்புப் பகுதி ஆனது. ஆட்கள் கிள்ளானிலும் ஜொகூரிலும் சிதறிக் கிடக்கிறார்கள். அவர்களில் பலர் கல்யாணத்துக்குப் பதிவுகூட இருக்காது. 1982 மார்ச்சில் புதிய திருமணச் சட்டம் நடைமுறைக்கு வரும்வரை கோயிலில் தாலி கட்டினால் போதும் என்றுதான் நம் ஜனம் இருந்தது. அந்த நாளைப் பிடித்து வைத்தவர் உன் தாத்தா ஒருவர்தான்.

சரி, செய்ய வேண்டியதைக் கேள். டின்னைத் திறந்ததும் காடி (வினிகர்) வாடை அடித்தால் ஃபிலிம் கெடத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். நம் ஊர்ச் சூட்டிலும் ஈரத்திலும் அசிட்டேட் ஃபிலிம் அசிட்டிக் அமிலத்தைக் கக்கும். ரப்பர் பாலை உறைய வைக்க ஊற்றுவார்களே, அந்த வகை அமிலம். மூடிய டின்னுக்குள் ஆவி தேங்கி நல்ல ஃபிலிமையும் கெடுத்துவிடும். வாடை வருவதை உடனே தனியாகப் பிரி. பிளாஸ்டிக் வேண்டாம், அமிலம் சேராத காகித உறை வாங்கு. உறைமேல் பென்சிலால் எழுதிவிட்டு அப்புறம் நெகட்டிவை உள்ளே வை. ஸ்கேன் செய்வதெல்லாம் மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம்.

பெயர்தான் அவசரம். கடை மாறுவதற்குள் அப்பாவை உட்கார வைத்து ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துக் காட்டு. எந்தத் தோட்டம், கணக்கெழுதும் கிராணி வீட்டுக் கல்யாணமா, வேலையாட்களை மேற்பார்க்கும் தண்டலின் மகளா, ஓரத்தில் நிற்கும் கிழவி யார். அவர் சொல்லச் சொல்ல எழுது. அவருக்குத் தெரியாததை, அந்தத் தோட்டத்துப் பழைய ஆட்கள் யாராவது இருந்தால் அவர்களிடம் கொண்டுபோய்க் கேள்.

கோலாலம்பூர் வேலையா? நல்ல சம்பளமென்றால் போ. 16 டின்னும் முடியட்டும், அப்புறம் போ. முதல் டின்னைத் திறந்த அன்றைக்கே எனக்கு எழுது.