தர்ம மைதானத்தில் கிளப்புக்கு என்ன உரிமை?

கேள்வி: கோபிசெட்டிபாளையம் பக்கம் எங்கள் ஊர். பெரியவர் ஒருவர் தன் மூன்று ஏக்கர் நிலத்தைத் தர்ம சாசனம் எழுதி விளையாட்டு மைதானமாக விட்டுப் போனார். எங்கள் வாலிபால் கிளப் முப்பது வருடத்துக்கு மேலாக அங்கேதான் ஆடுகிறது. இப்போது அறங்காவலர்களாக இருக்கும் அவருடைய பேரன்கள், வணிக வளாகம் கட்டப் பாதி இடத்தை 30 வருடக் குத்தகைக்கு விடப் பேசி வைத்திருக்கிறார்கள். 15 நாளில் காலி செய்யச் சொல்லி எங்களுக்கு வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. இத்தனை வருட அனுபோகத்துக்கு இடம் எங்களுக்குப் பாத்தியம் ஆகாதுங்களா? சாசனத்தின் நகலையும் பழைய ரசீதுகளையும் அனுப்பியிருக்கிறோம்.

பதில்: ஆகாதுங்க. அந்த வாதத்தை இன்றோடு விட்டுவிடுங்கள்.

12 வருடம் அனுபவித்தால் சொந்தம் என்று ஊருக்குள் சொல்வார்கள். உரிமையாளரின் உரிமையை மறுத்து, அவருக்கு எதிராகவே அனுபவித்து வந்தவருக்குத்தான் அது பொருந்தும். நீங்கள் பெரியவரின் அனுமதியோடு உள்ளே போனவர்கள். அப்படித் தொடங்கிய அனுபவம் எத்தனை வருடமானாலும் எதிரிடை அனுபவம் ஆகாது. அதை எழுத்தில் கேட்டுவிட்டால், தர்ம நிலத்தைக் கிளப் விழுங்கப் பார்க்கிறது என்று எதிர்த்தரப்பு சொல்லும், நீதிமன்றமும் நம்பும்.

நீங்கள் வாடகைதாரரும் அல்ல. ரசீதுகளைப் பார்த்தேன். எதிலும் ‘வாடகை’ என்று இல்லை, ‘மைதானப் பராமரிப்புக்காக’ என்றே எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். ஆக நீங்கள் உரிமம் பெற்றவர், அதாவது அனுமதியின் பேரில் இடத்தைப் பயன்படுத்துகிறவர், அவ்வளவுதான். பெரியவர் சம்மதக் கடிதம் கொடுத்து, கிளப் செலவில் கான்கிரீட் கேலரி கட்டியதாக எழுதியிருக்கிறீர்கள். வசதி உரிமைச் சட்டம் 60-வது பிரிவின்படி, அனுமதியை நம்பி நிரந்தரக் கட்டுமானம் செய்தவரின் உரிமத்தை நினைத்தபடி ரத்து செய்ய முடியாது. அந்தக் கடிதத்தைப் பத்திரமாக வையுங்கள். ஆனால் வழக்கை அதன் மேல் மட்டும் நிறுத்த நான் சம்மதிக்க மாட்டேன்.

உங்கள் பலம் சாசனத்தில் இருக்கிறது. ‘சாதி மத பேதமின்றி ஊர் ஜனங்களும் பிள்ளைகளும் விளையாடவும் தேகப்பயிற்சி செய்யவும்’ என்று எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே ‘தர்மகர்த்தாக்களுக்கு யாதொரு பராதீனமும் செய்யப் பாத்தியமில்லை’, அதாவது நிலத்தைப் பிறர் கைக்கு மாற்ற உரிமையில்லை என்று பெரியவர் கட்டிப் போட்டிருக்கிறார். இது பொது தர்மம். பேரன்கள் நிர்வாகிகள் மட்டுமே. விளையாட விட்ட நிலத்தில் கடை கட்ட 30 வருடம் குத்தகை கொடுப்பது அவர்கள் அதிகாரத்துக்கு வெளியே போகும் காரியம்.

இதற்கான வழி உரிமையியல் நடைமுறைச் சட்டம் 92-வது பிரிவு. தர்மத்தில் அக்கறையுள்ள இருவரோ அதற்கு மேற்பட்டவர்களோ, நீதிமன்றத்தின் முன் அனுமதி பெற்று, ஈரோடு மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம். கணக்குக் கேட்கலாம், அறங்காவலரை மாற்றக் கேட்கலாம், நிர்வாகத் திட்டம் வகுக்கக் கேட்கலாம். ஆனால் ஊருக்காகக் கேட்க வேண்டும். சொந்த உரிமைக்காக இந்தப் பிரிவைப் பயன்படுத்த முடியாது என்பதை வித்யோதயா டிரஸ்ட் வழக்கில் (2008) உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதனால் கிளப் செயலாளரும் பொருளாளரும் மட்டும் வாதிகளாக நிற்க வேண்டாம். காலையில் அங்கே நடக்க வருகிறவர்கள், பந்து விளையாட வரும் பிள்ளைகளின் பெற்றோர் என்று நாலு பேரைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் விட முடியவில்லை. நீங்கள் அனுப்பிய போட்டோவில் கேட்டில் பூட்டுத் தொங்குகிறது. பக்கத்தில் ‘உறுப்பினர்களுக்கு மட்டும்’ என்று கிளப் பெயரில் போர்டு. எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் காட்டப் போவது அந்தப் படத்தைத்தான். போர்டை இன்றே கழற்றுங்கள், கேட்டைத் திறந்து விடுங்கள். வழக்குக்காக மட்டும் சொல்லவில்லை. அந்தத் தெருப் பிள்ளைகளுக்கென்று ஒருவர் எழுதி வைத்த இடம் அது.

‘இப்போது யார் அங்கே விளையாடுகிறார்கள்’ என்ற கேள்வியும் வரும். மூல நோக்கம் நிறைவேற வழியில்லை என்று காட்டினால், வேறு நோக்கத்துக்கு மாற்ற 92-லேயே இடம் இருக்கிறது. பொங்கல் போட்டி நோட்டீஸ், பயிற்சி வருகைப் பதிவேடு, பழைய போட்டோ எல்லாவற்றையும் தேதிவாரியாக அடுக்கி வையுங்கள்.

உடனடியாகச் செய்ய வேண்டியது: சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்றும், பதிவான சாசனத்தின் சான்றிட்ட நகலும் எடுங்கள். குத்தகை ஏற்கெனவே பதிவாகிவிட்டதா என்பது வில்லங்கத்தில் தெரிந்துவிடும். சாசனத்தில் கோயில் கட்டளை (பூஜை, விழா போன்றவற்றுக்கு எழுதி வைத்த தர்மம்) ஏதாவது சேர்ந்திருந்தால் எனக்குச் சொல்லுங்கள். கோயில் சொத்து என்றால் ஐந்து வருடத்துக்கு மேற்பட்ட குத்தகை, அறநிலையத் துறை ஆணையர் அனுமதி இல்லாமல் செல்லாது. எங்களைக் கேட்காமல் உத்தரவு போடக் கூடாது என்று மாவட்ட நீதிமன்றத்தில் ஒரு கேவியட் மனு போட்டு வையுங்கள். 90 நாளுக்குச் செல்லும்.

பேரன்கள் பேச வந்தால் பேசுங்கள். 1920-ஆம் வருட அறநிலைய, சமய அறக்கட்டளைகள் சட்டத்தின் 7-வது பிரிவில் அறங்காவலர்களே நீதிமன்றத்திடம் வழிகாட்டுதல் கேட்கலாம். கிளப்புக்குச் சில மணி நேரம், மற்ற நேரம் ஊருக்கு என்று எழுதி, ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையாக அமைந்தால் கட்டாயம் பதிவு செய்து வாங்கிக்கொள்ளுங்கள். கிளப் நிலைக்க அதுதான் நல்ல வழி என்று நினைக்கிறேன்.

நோட்டீசுக்குப் பதிலை 15 நாள் முடியும் முன்பே பதிவு வசதி சேர்த்த ஸ்பீட் போஸ்டில் ஒப்புகையோடு அனுப்புங்கள். அதில் ‘எங்கள் மைதானம்’ என்று ஓர் இடத்திலும் எழுத வேண்டாம்.