பொடி அடியில் தங்கட்டும், விடுங்கள்

கேள்வி: சிலிகான் அச்சில் ரெசின் ஊற்றி நட்சத்திரங்கள் செய்கிறேன். இருளில் ஒளிரும் பொடியைக் கலந்தால் எல்லாம் அடியில் போய்த் தங்கிவிடுகிறது. ஒளியும் கால் மணி நேரத்தில் மங்கிவிடுகிறது. அதே பொடியை அக்ரிலிக் பெயிண்ட்டில் கலந்து வைத்தேன். சில நாளில் கட்டிதட்டிப் போனது. வேறு எந்தப் பொடி வாங்கலாம்?

பதில்: கால் மணி நேரத்தில் மங்குகிறது என்றால், முதலில் சந்தேகப்பட வேண்டியது துத்தநாக சல்பைடு பொடியை. மலிவாகக் கிடைப்பதில் பல இந்தப் பழைய வகைதான். நீங்கள் தேட வேண்டியது ஸ்ட்ரான்சியம் அலுமினேட். யூரோப்பியம், டிஸ்புரோசியம் சேர்த்த இந்த வகையை 1993-ல் ஜப்பானின் நெமோட்டோ நிறுவனம் உருவாக்கியது. முதல் சில நிமிடங்கள் பளிச்சென்று எரிந்து, பிறகு வேகமாகக் குறையும். ஆனாலும் இருட்டுக்குப் பழகிய கண்ணுக்கு மணிக்கணக்கில் தெரியும். விளம்பரப் படத்தில் இருக்கும் பிரகாசத்தை மட்டும் எதிர்பார்க்காதீர்கள், அது கேமராவின் கைங்கர்யம்.

நிறத்தில் பச்சையும் நீலப்பச்சையும்தான் பிரகாசம். நீலம் அடுத்தபடி. சிவப்பு, ஆரஞ்சு எல்லாம் பகலில் அழகு, இரவில் ஏமாற்றம். ‘ஃபுளோரசென்ட்’ என்று மட்டும் போட்டிருந்தால் வாங்கவே வேண்டாம். புற ஊதா விளக்கை அணைத்ததும் அதுவும் அணைந்துவிடும்.

இனி அடியில் தங்கும் விஷயம். இந்தப் பொடி ரெசினைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு அடர்த்தி கொண்டது, தங்கத்தான் செய்யும். ஆனால் அச்சில் அடிப்பக்கம்தானே நாளை நட்சத்திரத்தின் முகம்? பொடி அங்கே நெருக்கமாகப் படிவது உங்களுக்கு லாபம். 100 கிராம் ரெசினுக்கு 20 முதல் 30 கிராம் பொடி கலந்து மெல்லிய அடுக்காக ஊற்றி, இறுகியதும் அதன்மேல் வெள்ளை நிற ரெசினை ஊற்றுங்கள். பின்பக்கம் வீணாகும் ஒளியை வெள்ளை முன்னால் திருப்பி அனுப்பும். முழுக்க ஒரே சீராக வேண்டுமானால், ரெசின் தேன் பதத்துக்கு வரும்வரை பொறுத்திருந்து ஊற்றலாம். நைசான பொடி மெதுவாகத்தான் படியும், ஆனால் ஒளி குறைவு. பருமனான துகளே அதிகம் ஒளிரும். புற ஊதாவில் இறுகும் ரெசின் என்றால் அடுக்கு இன்னும் மெல்லியதாக இருக்கட்டும். பொடி மறைப்பதால் உள்ளே ஈரமாகவே நின்றுவிடும்.

கலக்க மரக்குச்சியோ பிளாஸ்டிக்கோ போதும். துகள்கள் கடினமானவை. எவர்சில்வர் கரண்டியால் அழுத்திக் கலக்கினால் உலோகம் தேய்ந்து கலவையில் சாம்பல் நிறம் ஏறும், ஒளி குறையும். பகலிலும் நிறம் தெரியட்டும் என்று சாதாரண வண்ணம் சேர்த்தாலும் இதே கதி.

பெயிண்ட் கட்டிதட்டியதற்குக் காரணம் தண்ணீர். மேற்பூச்சு இல்லாத ஸ்ட்ரான்சியம் அலுமினேட் நீரில் சிதைந்து ஒளியை இழக்கும். உங்களுடையதும் பூச்சில்லாத ஸ்ட்ரான்சியம் அலுமினேட்டாகவே இருந்தால், ஒளி மங்கியதற்குப் பொடியைவிட விளக்கு காரணமாக இருக்கலாம். மங்கலான மஞ்சள் பல்பு இதை அரைகுறையாகத்தான் ஏற்றும். வெயிலிலோ புற ஊதா டார்ச்சிலோ சில நிமிடம் காட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். அக்ரிலிக்கில் போட, நீர் தாங்கும் பூச்சுள்ள பொடி என்று கேட்டு வாங்குங்கள். வண்ணம் கலக்காத அக்ரிலிக் மீடியத்தில், அன்றைக்கு வேண்டியதை மட்டும் கலந்து, வெள்ளை அடிப்பூச்சின் மேல் இரண்டு மூன்று முறை தீட்டுங்கள். பொடியை மிக்ஸியில் போட்டு நைசாக்க வேண்டாம், பூச்சு உடைந்துவிடும். முடிவில் பூசும் வார்னிஷ் புற ஊதாவைத் தடுக்கும் ரகமாக இருந்தால், ஒளி ஏறுவதையும் பாதி தடுத்துவிடும்.

பொடியில் கதிரியக்கம் எதுவும் இல்லை. ஆனால் தூசி மூக்கில் ஏறக்கூடாது. அளக்கும்போது மாஸ்க் போடுங்கள், காய்ந்த ரெசினை உப்புத்தாளில் தேய்க்கும்போதும் கழற்ற வேண்டாம். சாப்பிடும் தட்டு, டம்ளரின் உட்புறத்துக்கு இது ஆகாது.