கேட்டலிஸ்ட் (வினையூக்கி) என்றால் தொடங்கி வைப்பதா? டர்பன் கெமிஸ்ட்ரி டீச்சரிடம் கேள்வி பதில்

கேள்வி (ஃபீனிக்ஸ், ஒரு மெட்ரிக் மாணவனின் அம்மா): அக்கா, பையன் டெஸ்டில் "எ கேட்டலிஸ்ட் ஸ்டார்ட்ஸ் எ ரியாக்‌ஷன்" என்று எழுதினான், மார்க் போச்சு. பேப்பரில் தினமும் அந்த அர்த்தத்தில்தானே எழுதுகிறார்கள்?

பதில்: மார்க் போனது நியாயம்தான்மா. பேப்பர்காரர்கள் எழுதுவதும் தப்பில்லை, ஒரு மாற்றத்தைத் தூண்டிவிடும் ஆள், சம்பவம் என்ற பொருளை டிக்‌ஷனரிகளே ஏற்றுக்கொண்டு ரொம்ப நாளாயிற்று. கெமிஸ்ட்ரி பரீட்சையில் மட்டும் அது செல்லாது. அங்கே, தானாகவே நடக்கக்கூடிய ஒரு வினை, எவ்வளவு மந்தமாக இருந்தாலும் சரி, ஏற்கனவே இருக்க வேண்டும். கேட்டலிஸ்ட் அதற்கு ஆக்டிவேஷன் எனர்ஜி, அதாவது வினை நடக்கத் தேவையான குறைந்தபட்ச ஆற்றல், குறைவான வேறொரு வழியைத் திறந்துவிடும், வேகம் கூடும், அவ்வளவுதான். 1830களில் ஸ்வீடன் வேதியியலாளர் பெர்சீலியஸ் இந்தப் பெயரை வைத்தபோது அவரே இதை ஏதோ புது சக்தி என்றுதான் நினைத்தார். பிறகு ஜெர்மன் வேதியியலாளர் ஆஸ்ட்வால்ட்தான் இது வினையின் வேகம் சம்பந்தப்பட்டது என்று தெளிவாக்கினார், 1909இல் நோபல் பரிசும் வாங்கினார். பையனை "இன்க்ரீஸஸ் தி ரேட்" என்று தொடங்கி "வித்அவுட் இட்செல்ஃப் அண்டர்கோயிங் எ பெர்மனென்ட் சேஞ்ச்" என்று முடிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி (அதே பையன்): ஆன்ட்டி, "வித்அவுட் டேக்கிங் பார்ட்" என்று எழுதினால்?

பதில்: வேண்டாம் கண்ணா. கலந்துகொள்ளாமல் எப்படி வழி காட்டும்? இடையில் மாறும், கடைசியில் பழையபடி வந்துவிடும். ஹைட்ரஜன் பெராக்சைடில் மாங்கனீஸ் டையாக்சைடு போட்டு நுரை அடங்கியதும் வடிகட்டிக் காயவைத்து எடை போட்டுப் பார், போட்டது அப்படியே இருக்கும். "பெர்மனென்ட்" என்ற சொல்லை விட்டுவிடாதே, விஷயமே அதில்தான் இருக்கிறது.

கேள்வி (மெர்பேங்க்): நான் டியூஷன் எடுக்கிறேன். கல்யாணத் தரகர் மாதிரி என்று சொல்லிக் கொடுக்கலாமா அக்கா?

பதில்: சொல்லலாம், பிள்ளைகள் சிரிப்பார்கள், மறக்கவும் மாட்டார்கள். ஆனால் கேட்டலிஸ்ட் முன்னோக்கிய வினை, பின்னோக்கிய வினை இரண்டையும் ஒரே அளவுக்கு வேகப்படுத்தும், அதனால் சமநிலைக்கு (இரண்டும் ஒரே வேகத்தில் நடக்கும் நிலைக்கு) சீக்கிரம் கொண்டுபோகுமே தவிர சமநிலையை நகர்த்தாது. அதாவது உங்கள் தரகர் அதே சுறுசுறுப்போடு விவாகரத்தையும் முடித்துக் கொடுக்க வேண்டும். கமிஷனும் கிடையாது.

கேள்வி (பீட்டர்மரிட்ஸ்பர்க்): தமிழ்ப் பள்ளி விழாவில் மகள் தில்லையாடி வள்ளியம்மையைப் பற்றி இங்கிலீஷில் பேசுகிறாள். "வள்ளியம்மை வாஸ் எ கேட்டலிஸ்ட்" என்று சொல்லலாமா?

பதில்: இலக்கணப்படி தப்பில்லை. எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை. கேட்டலிஸ்ட் கடைசியில் முழுசாகத் திரும்பி வரும்; காந்தியின் சத்தியாகிரகத்தில் இறங்கிய அந்தப் பெண் உங்கள் ஊர்ச் சிறையில் கடுங்காவல் இருந்து, நோயோடு வெளியே வந்து, 1914 பிப்ரவரி 22 அன்று 16 வயதில் போய்விட்டாள். அவளுக்கு இந்தச் சொல் சின்னது.

அதே பேச்சில் இந்தச் சொல்லுக்குக் கச்சிதமான இடம் ஒன்று இருக்கிறது. 1913 மார்ச்சில் கேப் நீதிமன்றத்தில் நீதிபதி சர்ல் கொடுத்த தீர்ப்பு. கிறிஸ்தவ முறைப்படி நடக்காத கல்யாணங்கள் சட்டப்படி செல்லாது என்று ஆனதும், நம் பெண்கள் கொதித்துப்போய்ச் சத்தியாகிரகத்தில் இறங்கினார்கள். போராட்டம் அதற்குப் பல வருஷம் முன்பே தொடங்கியாயிற்று, ஒப்பந்தம் முடிந்த இந்தியத் தொழிலாளர்கள் மேல் போட்ட மூன்று பவுண்டு வரி மேல் இருந்த கோபமும் பழசுதான். தீர்ப்பு எதையும் புதிதாகத் தொடங்கவில்லை, நடந்துகொண்டிருந்ததற்கு வேகம் கொடுத்தது. "தி சர்ல் ஜட்ஜ்மென்ட் வாஸ் எ கேட்டலிஸ்ட் ஃபார் விமென் ஜாய்னிங் தி சத்தியாகிரகா" என்று தைரியமாகச் சொல்லட்டும். 1893இல் உங்கள் ஸ்டேஷனில் காந்தியை ரயிலில் இருந்து இறக்கிவிட்டதற்கு நானாக இருந்தால் "ட்ரிகர்" என்று போடுவேன். என்னோடு ஒத்துப்போகாத இங்கிலீஷ் டீச்சர்கள் நிறைய பேர் உண்டு, சண்டைக்கு வரட்டும்.

கேள்வி (டோங்காட்): "கேட்டலிஸ்ட் ஃபார்", "ஆஃப்", "இன்", எது சரி?

பதில்: மாற்றம், சீர்திருத்தம் என்று வந்தால் "ஃபார்". அம்மோனியா தயாரிக்கும் ஹேபர் முறையில் இரும்பு என்பது மாதிரி ஒரு செயல்முறைக்குள் என்றால் "இன்". "ஆஃப்" போடவே கூடாது என்றில்லை, "ஃபார்" இருக்கும்போது எதற்கு? அப்புறம் வினைச்சொல்லாக "கேட்டலைஸ்" எழுதும்போது நம் ஊரில் எஸ் போடுங்கள், ஸெட் அமெரிக்காக்காரர்களுக்கு.

கேள்வி (சாட்ஸ்வொர்த், ஒரு தாத்தா): காருக்கு அடியில் இருக்கும் கேட்டலிடிக் கன்வர்டரும் இந்த வகைதானா அம்மா? தீராத பொருள் என்றால் ஏன் கெட்டுப்போகிறது? ஏன் திருடுகிறான்?

பதில்: அதே வகைதான் தாத்தா. உள்ளே பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் மெல்லிய பூச்சாக இருக்கும். புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு அதன் மேல் பட்டுக் கார்பன் டையாக்சைடாகிவிடும். வினையில் அது தீர்ந்துபோவதில்லை, ஆனால் ஈயம், கந்தகம் மாதிரிப் பொருள்கள் பூச்சை மூடிச் செயலிழக்க வைக்கும். அதற்குக் கெமிஸ்ட்ரியில் "பாய்சனிங்" என்றே பெயர். ஈயம் கலந்த பெட்ரோலை இங்கே 2006இல் நிறுத்தினார்களே, கன்வர்டர் பிழைப்பதற்கும் அது அவசியம். திருடுவது அந்த உலோகங்களுக்காக. உலகத்துப் பிளாட்டினத்தில் பெரும்பங்கு ருஸ்டன்பர்க் பக்கம் நம் மண்ணில் இருந்துதான் போகிறது. ராத்திரி காரை கேட்டுக்கு உள்ளேயே நிறுத்துங்கள் தாத்தா.